ஆடி வாடகை

ஆடியில் பேண்டு செட்டுக்கு வேலை இல்லை.
அதனால்தான் கிடைத்தது.
முப்பது நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு,
முன்பணம் ஐயாயிரம், ஆதார் நகல் ஒன்று.

எலத்தகிரி சவரியப்பன் வீட்டில்
கணக்கு நோட்டு பிலோமினாவிடம்.
விலைக்கே எடுத்துக்கோயேன் என்றார், இருபத்திரண்டாயிரம்.
ஆடி மட்டும் என்றேன்.
"மொத முகூர்த்தம் ஆவணி நாலு.
மூணாந்தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு
பொட்டி இந்தக் கட்டில் மேல இருக்கணும்."

பெட்டியைத் திறந்தேன்.
வெல்வெட் மடிப்பில் யார் ஊர்வலத்திலோ ஒட்டிய ஜிகினா.
விரல் படும் இடமெல்லாம் பூச்சு தேய்ந்த சாக்ஸபோன்,
கழுத்தில் ஒரு நசுங்கல்,
ஒரு சாவிக்கு ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பேண்டு.
கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுதிப் போயிருந்தேன்:
பேடு ஒழுகுதா, கார்க் பிடிக்குதா.
சீட்டைக் கைக்குள்ளேயே மடக்கிக்கொண்டு
"நல்லா இருக்கு" என்றேன்,
பெண் பார்க்கப் போனவர்கள் சொல்வதைப் போல.

"ஊதுற வாய மட்டும் நீயே வாங்கிக்கம்மா.
எங்க வீட்டுக்காரர் எச்சில் உனக்கெதுக்கு."
மவுத்பீஸ் பெங்களூரிலிருந்து பார்சலில் வந்தது.
தொள்ளாயிரம்.

காவேரிப்பட்டணம் சாலையில்
மாங்கூழ் ஃபேக்டரி எடைமேடை என் வேலை.
லாரி ஏறும், மொத்தம் எழுதுவேன்.
பெங்களூரா இறக்கி வந்து திரும்ப ஏறும்,
வெறும் வண்டி எழுதுவேன்.
கழித்தால் காய்.
சில்லறைக் கிலோ எதுவும் அந்த மேடைக்குத் தெரியாது.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன்,
அறுபது என்றது.
கீழே வைத்துவிட்டு நின்றேன்.
அப்போதும் அறுபது.

கடைசி லாரி போன பின்
கேபின் கதவைச் சாத்தி ஊதுவேன்.
முதல் வாரம் காற்று.
இரண்டாம் வாரம் எருமை.
வெளியே காத்துக்கிடந்த வண்டிகள்
ஏர்ஹாரனில் பதில் சொல்லின.
"எடக்கா, கன்னு போட்டுடுச்சா?"
என்றான் சூளகிரி திம்மராயன்.
ஆடிப்பெருக்கு ராத்திரி
நான்கு ஸ்வரம் வரிசையாக வந்தது.
ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை.

அடி ஸ்வரம் மட்டும் வரவே இல்லை.
எல்லா விரலும் மூடி, சுண்டுவிரலையும் நீட்டி,
வயிற்றிலிருந்து தள்ளினாலும்
புழுக்கென்று ஒரு குமிழி.
கூழின் புளிப்பிலும் டீசல் புகையிலும்
பதினோரு வருடம் ஊறிய நெஞ்சு,
இதற்கு மேல் எவ்வளவு தரும் என்று
நானே எழுதி
நானே கழித்துக்கொண்டேன்.

ஆவணி மூன்று. ஆறுக்குப் பத்து நிமிடம் முன்னால்
கட்டில் மேல் வைத்தேன்.
பிலோமினா முன்பணத்தை இரண்டு முறை எண்ணினார்.
"ரப்பர் பேண்டு புதுசு போட்டியா?"
அவ்வளவுதான் பேச்சு.

எட்டரைக்குக் கிருஷ்ணகிரி ரவுண்டானாவில்
பஸ்ஸுக்கு நிற்கிறேன், மாப்பிள்ளை ஊர்வலம்.
ஜெனரேட்டர் வண்டி, தலையில் விளக்கு சுமந்த பெண்கள்,
வாடகைக் குதிரை,
அதற்கு முன்னால் சிவப்புக் கோட்டில் சவரியப்பன்,
அவர் கழுத்தில் என் முப்பது நாள்.

பாட்டு அடி ஸ்வரத்துக்கு இறங்க வேண்டிய இடம் வந்தது.
நான் மூச்சைப் பிடித்தேன்.
அவர் இறங்கவில்லை.
பள்ளம் தெரிந்த டவுன் பஸ் மாதிரி
ஓரமாக ஒடித்து, ஒரு சுழி சுழித்து
மேலே ஏறிப் போய்விட்டார்.
பல்லவி திரும்பியது. அதே இடம், அதே சுழி.
மாப்பிள்ளையின் தாய்மாமன்
அந்தச் சுழிக்குத்தான்
நூறு ரூபாயைக் கோட்டில் குத்தினார்.

நடுரோட்டில் தனியாகச் சிரிக்கிறவளை
பூக்காரி ஒரு மாதிரி பார்த்தாள்.

புரட்டாசியிலும் கல்யாணம் கிடையாது.
வாடகை என்னவென்று கேட்கத் தோன்றவில்லை பார்.
கைப்பையில்
சாப்பாட்டு டப்பாவுக்கும் சில்லறைக்கும் நடுவே
ஊதுற வாய் கிடந்தது.
எடுத்துத் துடைத்து, ஒரே ஒரு தடவை ஊதினேன்.
வாத்து கத்தியது.
குதிரை திரும்பிப் பார்த்தது.
சவரியப்பனும்.